எண்பத்தேழு யார்

கார்ட்டியர்வில், மொன்றியல்
3 செப்டம்பர் 2007

அன்புள்ள பேனாட் மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் ஒரே மகளும் இந்த வீட்டின் ஒரே பகிடிக்காரியுமான ஜெயனி எழுதுவது. மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. நீங்கள் அபிட்டிபிக் காட்டு விடுதியில் வேட்டைக்காரருக்குச் சமைத்துப் போட்டபடி, கரடிக்குச் சமையலாகாமல் இருப்பீர்கள் என நம்புகிறேன். அவசரத்துக்கு மட்டும் ஒரு ரெலிபோன், அதுவும் விடுதிக்காரர் வீட்டில் என்ற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கடிதம் எழுதி எழுதி என் தமிழ் தேறிவிட்டதாகச் சனிக்கிழமை வகுப்பில் சொல்கிறார்கள். நன்றி காட்டுக்கு, உங்களுக்கல்ல.

பெரிய செய்தி: அப்பா தன் துவக்குக்கு லேசர் ஸ்கோப் வாங்கிவிட்டார். ஒரு பொத்தானை அமத்தினால் கண்ணுக்குத் தெரியாத லேசர் போய், எதிரே நிற்பதைத் தொட்டுவிட்டு வரும். உள்ளே சிவப்பில் தூரம் எழும். குழலின் மேலே ஒரு சக்கரம், அதிலும் தூரங்கள். உள்ளே 300 என்று வந்தால் சக்கரத்தை 300க்குத் திருப்பிவிட்டுச் சுட வேண்டியதுதான். போகப் போகச் சன்னம் எவ்வளவு கீழிறங்கும் என்ற கணக்கைச் சக்கரமே பார்த்துக்கொள்ளும்.

சக்கரம் யார்க் கணக்கில், மீற்றரை விட நாலு விரல் குறைந்த அந்தப் பழைய மூன்றடி யார். உள்ளே வரும் எண்ணும் யாரில். அப்பா மயங்கியது அங்கேதான். மன்னாரில் யாரில் துணி வெட்டி வளர்ந்த மனிதர். எங்கள் வீட்டில் மீற்றருக்கு அகதி அந்தஸ்து மறுக்கப்பட்டிருக்கிறது. துவக்கில் பூட்டுவதற்கு முன் ஸ்கோப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முன்யன்னலால் தெருவை அளக்கிறார். மூலைக் கடை டெப்பனரின் பெயர்ப்பலகை எண்பத்தேழு யார். “யார்?” என்று கேட்டேன். “எண்பத்தேழு” என்றார். அவருக்குப் பகிடி விளங்கவில்லை, எனக்கு ஒரு நாள் சந்தோஷம்.

அம்மா துவக்கு என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. “அந்தச் சாமான்” என்கிறாள். ஊரில் அந்தச் சாமானுக்குப் பயந்து ஓடியவள், இங்கே அதன் இரும்பு அலுமாரிக்குத் தூசு தட்டுகிறாள். அப்பாவோ துவக்கு லைசென்ஸைக் குடியுரிமை அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். “இந்த நாடு என்னை நம்பித் தந்தது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

செப்டம்பர் 28 காலை உங்களிடம் வெளிக்கிடுகிறார். கோயில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு மூஸ் மான் இறைச்சியில் றோல்ஸ் தருவதாகப் பங்குத்தந்தைக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. மூஸுக்கு மட்டும் இன்னும் அறிவிக்கவில்லை.

உங்கள் சுகத்துக்கு ஒரு வரியாவது போடவும்.
ஜெயனி


விடுதிக் குசினி
11 செப்டம்பர் 2007

அன்பு மருமகள் ஜெயனிக்கு,

மாமா சுகம். கரடியும் சுகம், நேற்றுக் குப்பைத் தொட்டியடியில் சந்தித்துக்கொண்டோம். அக்காவின் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இங்கே நூற்றைம்பது பேருக்குச் சமைப்பது கடினமில்லை. உறைப்பில்லாமல் சமைப்பதுதான் கடினம். அத்தானிடம் ஒரு கிலோ மிளகாய்த்தூள் கொடுத்துவிடு. என் குசினியிலிருந்து கக்கூஸ் சரியாக நூறு யார், கயிறு பிடித்து அளந்தது. மழைக்காலத்தில் அது நானூறு.

அத்தான் வரும் கிழமை எனக்குப் பகலில் ஓய்வு. காட்டுக்குள் அவரோடு நான்தான் போவேன். இங்கே தபால் லொறி புதன்கிழமைகளில் மட்டும் வரும், பாணோடும் உருளைக்கிழங்கோடும். எழுதுவதைப் பார்த்து எழுது.

நீ இவ்வளவு நாள் குழப்படி ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

கர்த்தர் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்,
மாமா


கார்ட்டியர்வில்
19 செப்டம்பர் 2007

அன்புள்ள மாமா,

சுகத்தில் குறைவில்லை. குழப்படியிலும் இனிக் குறைவில்லை.

போன சனிக்கிழமை அப்பா ஸ்கோப்பைப் பூட்டி, சூட்டுப் பயிற்சித் திடலுக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இனிப் பயணம் மட்டும் தொடுவதில்லை என்றார். திறப்பு எங்கே என்று அம்மாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நிலக்கீழ் அறையில் அந்தோனியார் சொரூபத்தின் அடியில். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர், ஒளித்ததைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

திங்கள் பின்னேரம் வீட்டில் யாருமில்லை. துவக்கை நகர்த்தவேயில்லை, சத்தியம். ஸ்கோப்பின் பொத்தானை ஐந்து விநாடி அமத்திப் பிடித்தேன். உள்ளே மூலையில் கடுகளவு Y என்றிருந்த எழுத்து M ஆகிவிட்டது. இனி அப்பாவின் ஸ்கோப் மீற்றரில் பேசும். பூட்டினேன், திறப்பை வைத்தேன், அந்தோனியாரிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினேன்.

வந்திறங்கியதும் அப்பா எதையாவது அளப்பார். உங்கள் நூறு யார் கக்கூஸ் தொண்ணூற்றொன்று என்று வரும். நீங்கள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, கக்கூஸைப் போன கிழமை நகர்த்தியதாகச் சொல்ல வேண்டும். அவர் முகம் போன போக்கை எனக்கு வரி வரியாக எழுத வேண்டும். இதுதான் என் பிறந்தநாள் பரிசு.

உங்கள் கூட்டாளி,
ஜெயனி


விடுதிக் குசினி
20 செப்டம்பர் 2007

அன்பு ஜெயனி,

எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நகரத்துக்குத் திரும்பும் ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், லொறியை விடச் சீக்கிரம் வரும்.

அத்தான் லேசர் ஸ்கோப்போடு வருகிறார் என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நேரில் சொன்னால் கோபிப்பார், நீ பகிடியோடு பகிடியாகச் சொல்லிவிடு. அந்த லேசர் சாமான் வந்த பிறகு இங்கே எல்லோரும் தூரத்தில் சுடுகிறார்கள். முன்பு கிட்டப் போக முடியாவிட்டால் விட்டுவிட்டு வருவார்கள். இப்போது எண் தெரிகிறதே என்ற துணிவு. போன வருஷம் ஒருவர் எண்ணைப் பிழையாக வாசித்தார். சூடு ஒரு சாண் கீழே போனது. நெஞ்சில் பட வேண்டியது முன்னங்காலில் பட்டது. காயப்பட்ட மூஸ் விழாது, நடக்கும். சுட்டவன் பின்னால் போக வேண்டும், அதுதான் முறை. சதுப்புக்குள் இரண்டு நாள் போனார்கள். கண்டுபிடித்தபோது அது உயிரோடு நின்றது. அதற்கு மேல் உனக்கு எழுத விருப்பமில்லை.

கிட்டப் போய்ச் சுடச் சொல்லு. கூட நான் இருக்கிறேன் என்றும் சொல்லு.

அன்புடன்,
மாமா


கார்ட்டியர்வில்
28 செப்டம்பர் 2007, வெள்ளி

மாமா,

சுகமா என்று கேட்கப் பொறுமையில்லை. உங்கள் கடிதம் இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தபால்பெட்டியில் கிடந்தது. அப்பா காலையிலேயே போய்விட்டார்.

என் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் கிடைத்ததா? கிடைத்திருந்தால் இதை எறிந்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் கேளுங்கள்: ஸ்கோப் மீற்றரில் இருக்கிறது. மாற்றியது நான். சக்கரம் யாரில். உள்ளே 400 என்று காட்டினால் உண்மையில் 437 யார். அப்பா சக்கரத்தை 400இல் வைப்பார், சன்னம் கீழே போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உங்கள் ஒரு சாண்தான் வருகிறது. பொத்தானை ஐந்து விநாடி அமத்திப் பிடியுங்கள், Y வரும். அவ்வளவுதான்.

விடுதிக்காரர் வீட்டுக்குப் போன் எடுத்தேன். ஒரு மனுசி பொன்ஜூர் என்றா. பிரெஞ்சில் வசனத்தைத் தயாராக வைத்திருந்தேன். சொல்ல வாய் திறந்தபோது, அலுமாரியைத் திறந்தது யார், உனக்கு எத்தனை வயது என்று கேட்பா என்று பட்டது. பிள்ளை கைக்குத் துவக்குத் திறப்பு எட்டுகிற வீட்டில் லைசென்ஸ் இருக்குமா? அப்பா ஊரெல்லாம் காட்டுகிற அட்டை அது.

அதனால், “அப்பா பிரஷர் மருந்துக் குளிசை குடித்தாரா என்று மகள் கேட்டதாகச் சொல்லுங்கள்” என்றேன். மெர்சி சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு விரைவுத் தபால் முத்திரை ஒட்டுகிறேன். 

ஜெயனி


9 ஒக்டோபர் 2007

அன்பு ஜெயனி,

மாமா சுகம். நீங்களும் சுகமென நினைக்கிறேன்.

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. பாதை வெள்ளத்தில் போனதால் ஒரு புதன் லொறி வரவில்லை. அத்தான் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். வேட்டை சரிவரவில்லை. காட்டில் எல்லாம் நினைத்தபடி நடக்குமா?

நான் அத்தானிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. படிப்பைப் பார்.

மாமா


கார்ட்டியர்வில்
15 ஒக்டோபர் 2007

அன்புள்ள மாமா,

அம்மா சுகம். மற்ற இருவரைப் பற்றி நிச்சயமில்லை.

அப்பா ஏழாம் தேதி வெறுங்கையோடு வந்தார். “தவறிப்போச்சு” என்று ஒரு சொல். மாமா எப்படி என்று அம்மா கேட்டபோது, “இருக்கிறான்” என்று இன்னொரு சொல். இரண்டையும் கூட்டினால் ஒரு கிழமைக் கதை. துவக்கைப் பூட்டினார், லைசென்ஸை அட்டைகளுக்குள் இருந்து எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். மறுநாள் கண் டொக்டரிடம் போனார். தூரப் பார்வை நன்றாக இருக்கிறது, வாசிக்க மட்டும் கண்ணாடி போதும் என்றார்களாம். நம்பவில்லை. இன்னொரு டொக்டரிடம் போகிறார். சாப்பிடும்போது தன் வலது கையை மேசையில் நீட்டி வைத்துப் பார்க்கிறார், நடுங்குகிறதா என்று. யன்னலால் தெருவை அளப்பதில்லை.

இப்போது உங்கள் விஷயம். உங்கள் கடிதத்தின் தபால் முத்திரை வல்-டோர் நகரம். விடுதித் தபாலுக்கு அந்த முத்திரை விழுவதில்லை. எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, முதலாம் வகுப்புப் பிள்ளையுடையது மாதிரி இருக்கிறது. தாளின் பின்பக்கம் சூப், ஜெலோ, மசித்த உருளைக்கிழங்கு என்று பெட்டி பெட்டியாக அச்சடித்து, ஜெலோவுக்குச் சரி போட்டிருக்கிறது. உங்களுக்கு ஜெலோ பிடிக்காது, மாமா.

எனக்குப் பகிடி விட மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். என் கடிதம் எப்போது கிடைத்தது? சூட்டுக்கு முன்னமா பின்னமா?

பதிலுக்காகத் தபால்பெட்டியடியில் நிற்கிற,
ஜெயனி


வல்-டோர்
24 ஒக்டோபர் 2007

அன்பு மருமகளுக்கு,

சுகம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை பாதி சுகம்.

உன் கடிதங்களை விடுதிக்காரர் மூன்றாம் தேதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து தந்தார். சூடு இரண்டாம் தேதி. ஏரிக்கு அந்தப் பக்கம் மூஸ் நின்றது. கிட்டப் போவோம் என்றேன். “பேனாட், மிசின் சொல்லுது முன்னூற்றுத் தொண்ணூறு, சக்கரத்தில இருக்கு” என்றார் அத்தான். சுட்டார். காலில்தான் பட்டது. பின்னால் போனோம். ஓடையின் குறுக்கே கிடந்த மரத்தில் நான் வழுக்கினேன். வலது கணுக்கால் உடைந்தது, கையூன்றியதில் வலது மணிக்கட்டும். தகடு வைத்திருக்கிறார்கள். நடப்பேன். மூஸ் கிடைக்கவில்லை.

என்னைத் தார்ப்பாயில் போட்டு நாலு மணித்தியாலம் இழுத்து வந்தார். வழியெல்லாம், “என்ர கண் பிழைச்சுப் போச்சு, மன்னிச்சுக்கொள்” என்றார். நான் நினைவு தப்பாமல் இருக்கக் கதை கொடுத்துக்கொண்டே வந்தார். அதில் மூன்று தரம் சொன்னது ஒன்று: “குளிசை குடிச்சனானோ எண்டு என்ர பிள்ளை போன் எடுத்துக் கேட்டவள், பேனாட். பகிடிக்காரி எண்டு நினைச்சன். நெஞ்சில ஈரம் இருக்கு.”

அக்காவிடம் சொல்ல வேண்டாமென்று நான்தான் அவரைக் கேட்டேன். பயப்படுவாள். உன்னையும் கேட்கிறேன். கண் பழுது என்று நினைத்தால் ஒரு கண்ணாடியோடு போகும். மகள் பூட்டைத் திறந்தாள், தெரிந்தும் சொல்லவில்லை என்பதற்குக் கண்ணாடி கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் இதை வைத்துக்கொள்வோம்.

உன் மாமா


கார்ட்டியர்வில்
2 நவம்பர் 2007

அன்புள்ள மாமா,

கால் எப்படி, கை எப்படி என்று நூறு தரம் எழுதி வெட்டிவிட்டேன். அந்த நூறுக்கும் சேர்த்து இது ஒன்று.

உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து நீங்கள் சொன்னபடி ஒரு கிழமை இருந்தேன். நேற்று அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னார்: வேலையிடத்து மார்செல் ஞாயிற்றுக்கிழமை வந்து துவக்கை ஸ்கோப்போடு கொண்டுபோகிறாராம். அவருடைய மகன் வின்சன்டுக்கு இது முதல் மான் வேட்டை. “என்ர கைக்கு இனி அது சரிவராது” என்றார். அம்மா முதல் தரம் துவக்கு என்று சொன்னாள். “துவக்குப் போறது நல்லது, நீங்கள் இப்பிடி இருக்கிறதுதான் நல்லாயில்லை” என்றாள்.

மாமா, ஸ்கோப் இன்னும் M. அதை மாற்றத் திறப்பும் தெரியும், ஐந்து விநாடியும் தெரியும். யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். அரைமணித்தியாலம் முன்பு அந்தோனியாரைத் தூக்கிக்கூடப் பார்த்தேன். திருப்பி வைத்துவிட்டேன். அப்படி மாற்றினால் வின்சன்ட் தப்புவான். அப்பாவின் கண் பழுதாகவே இருக்கும்.

அன்றைக்குப் போனில் சொல்லாமல் உங்களுக்கு ஏன் கடிதம் போட்டேன் என்று இப்போது விளங்குகிறது. தபாலில் போட்டால் உண்மை சொன்ன மாதிரியும் இருக்கும், அது நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் தபாலின் பிழையாகவும் இருக்கும். 

அப்பா வேலையால் வந்து நிலக்கீழ் அறையில் துவக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் கீழே போகிறேன். நீங்கள் வேண்டாமென்றதைச் செய்யப் போவதற்கு மன்னிக்கவும்.

ஜெயனி


கார்ட்டியர்வில்
12 நவம்பர் 2007

அன்புள்ள மாமா,

நான் சுகம். அப்பாவும் சுகம். கையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

படியில் இறங்கும்போது இரண்டு பகிடி ஆயத்தமாக வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. “அப்பா, உங்கட கண்ணில பிழையில்லை” என்று தொடங்கினேன். பொத்தானைச் சொன்னேன். திறப்பைச் சொன்னேன். ஸ்கோப்பைக் கழற்றினார். மேலே முன்யன்னலுக்கு ஏறினார், பின்னால் நான். டெப்பனர் பலகைக்குப் பிடித்து அமத்தினார்.

“எண்பது” என்றார்.

கடை ஏழு யார் நகர்ந்துவிட்டது. நான் ஒன்றரை மாதமாகக் காத்திருந்த பகிடி அது. இருவரும் சிரிக்கவில்லை.

ஸ்கோப்பை என்னிடம் நீட்டினார். அமத்திப் பிடித்து Y ஆக்கினேன். மறுபடி பார்த்தார். எண்பத்தேழு. யன்னல் நிலையில் கையூன்றினார். “அப்ப நான் சுட்டது சரி” என்று யாருக்கோ சொன்னார். பிறகு, “திறப்பை அங்க வைச்சவன் நான்” என்றார். அதோடு விட்டிருக்கலாம். அவர் விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை.

“நீங்கள் வேட்டைக்குப் போன அண்டைக்குப் போன் எடுத்தது குளிசைக்கு இல்லை அப்பா. இதைச் சொல்லத்தான் எடுத்தனான். பயத்தில குளிசை எண்டிட்டன்.”

பொத்தானுக்கும் திறப்புக்கும் அசையாத மனிதர் அப்போதுதான் புது வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திருப்பிப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மார்செல் வந்தபோது, ஸ்கோப் பிழையாக இருந்ததையும் தன் வீட்டில் அது நடந்ததையும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். Y எழுத்தை வின்சன்டுக்கு இரண்டு தரம் காட்டினார், திடலில் மறுபடி சரிபார்க்கவும் சொன்னார். இப்போது அலுமாரி வெறுமை. அம்மா அதில் பழைய போர்வைகள் வைத்திருக்கிறாள், பூட்டவில்லை. உங்கள் காலைப் பற்றி அம்மாவுக்கும் தெரியும். அழுது முடித்துவிட்டு உங்களுக்கு அனுப்ப ஊறுகாய் போட்டாள். வருகிற சனி அப்பா உங்களைக் கூட்டிவர வருகிறார். மறைத்ததற்கு உங்களிலும் கோபம்தான், ஆனால் காரின் முன்சீற்றைப் பின்னால் தள்ளி, உங்கள் கால் நீட்ட இடம் வருமா என்று நாடா பிடித்துப் பார்த்தார்.

என்னோடு அன்றிலிருந்து பேசவில்லை. கத்தவில்லை, அடிக்கவில்லை, பேசவில்லை. மூன்றாம் தேதியிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் சாப்பாடு முடிய, “அப்பா, குளிசை குடிச்சனீங்களா?” என்று கேட்கிறேன். இப்போது உண்மையாகவே தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அவருக்கு அது எப்படிக் கேட்கிறதோ தெரியாது. எட்டு நாள் மறுமொழி இல்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

நேற்று ஒன்பதாம் நாள். கோப்பையைக் கழுவி வைத்தார். கதவடியில் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஓம். குடிச்சிட்டன்” என்றார்.

சனிக்கிழமை காரில் பின்சீற்றில் எனக்கும் இடமிருக்கிறதா என்று இன்று கேட்கப் போகிறேன். இடமிருந்தால் நேரில் காண்போம். இல்லாவிட்டால், மாமா, காலைப் பத்திரமாகப் பார்த்து வாருங்கள்.

மிச்சம் வாயால்,
ஜெயனி